அயல்நாட்டில் ஐந்து மார்கழிகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர மாநில எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்படும் புறநகர் மின்தொடர்வண்டிகளுள் பல இவ்வூரோடு நின்று திரும்பும். இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி வார்க்கும் ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை இங்கு உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் இவ்வாலைகளில் தொழில் புரிகின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இவ்வூர்க் கடைத்தெருவில் நடந்து செல்வோர் செவியில் தமிழும் தெலுங்கும் மட்டுமன்றி, ஒடியாவும் இந்தியும் வந்து விழும். ஓரறையில் பலர் கூடி வாழும் அவர்களுக்குத் துணி துவைக்கவும், காய்கறி வாங்கவும், ஊருக்குப் பேசவும் வாய்த்த நாள் அஃதொன்றே. அவர்களுள் ஒருவனுக்குப் பிறந்தநாள் வருமாயின், கைப்பேசியில் தாயின் குரலைக் கேட்பதும், அறைத்தோழர் கூடிச் சமைத்து உண்பதுமே அவனுக்கு விழாவாகும்.

ஊர்விட்டு ஊர் சென்று வாழும் இளைஞனுக்கு வேலைநாள் அவ்வளவாகத் துன்பம் தருவதில்லை. கைக்கு வேலை இருக்கும்போது மனம் அதனோடு போகும். விடுமுறை நாளே நீண்டு தோன்றும். நம் முன்னோர் காலத்தில் ஞாயிறு விடுமுறை இல்லை. திண்ணைப் பள்ளிகளில் அமாவாசையும் பௌர்ணமியும் ஓய்வு நாள்கள். அவற்றை 'வாவு' என்பர். உவா என்னும் பழஞ்சொல்லின் திரிபு அது. வாவு நாளில் பிள்ளைகள் தம் வீட்டில் இருப்பர்; ஆதலின் தனிமை என்பது அவர்கள் அறியாதது. ஞாயிறும் அயலூர் வாழ்வும் சேர்ந்தபோதே விடுமுறைக்கு இரண்டு முகங்கள் உண்டாயின.

இதனை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர், தமிழகம் உலகிற்கு அளித்த கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றி நூல்கள் பல உள. அவர் கேம்பிரிட்ஜில் கழித்த ஓய்வு நாள்களைப் பற்றி, உடனிருந்த நண்பர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து சொன்ன செய்திகள் சிலவே. சிலவாயினும் அவை சிறியன அல்ல.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தம் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். அவர் பிறந்தது மார்கழித் திங்கள். அத்திங்களில் வைணவக் கோயில்களில் விடியுமுன்னரே திருப்பாவை ஒலிக்கும். பனிக்குளிரில் நீராடி வந்த சிறுவர் கைகளில் சுடச்சுடப் பொங்கல் விழும். கோயிலின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு மார்கழி என்றால் இவ்வளவும் சேர்ந்ததே.

தந்தையார் துணிக்கடை எழுத்தர். வறுமை அக்குடும்பத்திற்குப் புதியதன்று. கல்லூரித் தேர்வில் கணிதம் ஒழிந்த பாடங்களில் தோற்று, வேலை தேடி அலைந்து, 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இராமானுஜன் எழுத்தரானார். 1913 சனவரி 16 நாளிட்டு அவர் வரைந்த மடலே கேம்பிரிட்ஜுப் பேராசிரியர் ஹார்டியின் கண்களைத் திறந்தது. இவ்வரலாறு பலரும் அறிந்ததாகலின் இங்கு விரிப்பது வேண்டா. 1914 மார்ச்சு 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையை நீங்கிய அவர், ஏப்பிரல் 14 அன்று இலண்டனை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 26. இளம் மனைவி சானகியும் பெற்றோரும் தாயகத்தில் இருந்தனர்.

கடல்வழி நான்கு வாரம் என்பதை மாணவர்கள் கருத வேண்டும். டிசம்பர் 22 அன்று மகன் கையில் சேர வேண்டிய வாழ்த்துமடலைத் தாய் நவம்பர்த் திங்களிலேயே அஞ்சலில் இட்டாக வேண்டும். அதற்கு மகன் எழுதும் மறுமொழி கும்பகோணம் வருவதற்குள் பொங்கலும் கழிந்துவிடும். இதற்கிடையே 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. கடல்வழி இடர்நிறைந்ததாயிற்று, மடல்களும் பொதிகளும் காலந்தாழ்ந்தன.

பிறந்தநாளைக் கணிப்பதிலும் ஓர் இடர் இருந்தது. தமிழர் பிறந்தநாளைத் திங்களும் நாண்மீனும் கொண்டு கணிப்பர். ஆங்கிலேயர் தேதி ஒன்றே கொண்டு கணிப்பர். இரண்டும் எல்லா ஆண்டும் ஒன்றாக அமைவதில்லை. பஞ்சாங்கம் இல்லாத ஊரில் தன் நாண்மீன் நாள் என்று வருகிறது என்பதே பலருக்கு மறைந்துபோகும். இராமானுஜனுக்கு வானநூற் கணக்கு அரிதன்று. வேறு எவரும் அந்நாளை நினைவூட்டார் என்பதே வேறுபாடு.

டிசம்பர் 22-ஐயொட்டி வடபுலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் அமையும். கேம்பிரிட்ஜில் அந்நாளில் காலை எட்டு மணிக்குமேல் ஞாயிறு தோன்றி, மாலை நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். மேலும், பல்கலைக்கழகத்தின் இலையுதிர்காலப் பருவம் டிசம்பர் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். மாணவர் கிறித்துமசு விழாவிற்காகத் தத்தம் இல்லம் செல்வர். கூடங்கள் வெறுமையாகும். அவ்வெறுமையான நாள்களிலேதான் இராமானுஜனின் பிறந்தநாள் வந்தது. இங்ஙனம் 1914 முதல் 1918 முடிய ஐந்து பிறந்தநாள்களை அவர் இங்கிலாந்தில் கண்டார்.

முதலில் அவரை அன்புடன் ஏற்றவர்கள் நெவில் என்னும் இளங்கணித ஆசிரியரும் அவர்தம் மனைவியாரும். சென்னைக்கு வந்து இராமானுஜனைக் கடல்கடக்க இசைவித்தவர் அந்நெவிலே. அவர்கள் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியபின், திரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்த ஹியூவெல் முற்றத்தில் இராமானுஜனுக்கு அறைகள் கிடைத்தன.

உணவே அவருக்குப் பெருஞ்சிக்கல். ஊன் உண்ணாதவர், கல்லூரி மடைப்பள்ளியில் ஊன்கொழுப்புப் படாத கலம் எது என்று யார் சொல்ல இயலும்? ஆதலின் தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். சமைக்குமுன் உடை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் ஒருநாளும் விட்டிலர் என்று ஹார்டி எழுதியுள்ளார். நண்பர்க்கு எழுதிய மடலில், கொட்டை நீக்கிய நல்ல புளியும் தேங்காயெண்ணெயும் அனுப்புமாறு வேண்டினார். பிறிதொரு மடலில், நாவை அடக்கிவிட்டதாகவும், சோறும் சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாளும் கழிக்க இயலும் என்றும் எழுதினார். பெருமையாகச் சொன்ன சொல் அது. ஆயினும் படிப்பவர்க்கு இரக்கமே தோன்றும். கும்மிடிப்பூண்டியில் கடுகெண்ணெய் கேட்டுக் கடைகடையாகச் செல்லும் ஒடியா இளைஞனைக் கண்டு நகைப்பவர், கேம்பிரிட்ஜில் புளிக்காக ஏங்கிய இத்தமிழரை ஒருகால் எண்ணுதல் தகும்.

இந்நிலையில் அவருக்குத் துணையாக வாய்த்தார் ஒரு வங்க இளைஞர். பிரசாந்த சந்திர மகலனோபிசு என்பது அவர் பெயர். கிங்ஸ் கல்லூரியில் பயின்ற அவருக்கு 1914-இன் இறுதியில் வயது 21. இராமானுஜனுக்கு ஆறாண்டு இளையவர். தமிழரும் வங்காளியும் ஆகிய இவ்விருவர்க்கும் பொதுமொழி ஆங்கிலம். பொதுவான ஊர் எதுவும் இல்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருவரும் சேர்ந்து நெடுந்தொலைவு நடப்பது வழக்கமாயிற்று. நடந்துகொண்டே பேசுவர். கணிதத்தைவிடத் தத்துவமே அப்பேச்சில் மிகுந்திருந்தது என்பர். இன்மையைக் குறிக்கும் சுழியம் முழுமுதற்பொருளின் அடையாளம் என்றும், முடிவிலி எல்லாத் தோற்றங்களின் தொகுதி என்றும், இரண்டையும் பெருக்கின் எண்கள் யாவும் பிறக்கும் என்றும் இராமானுஜன் விளக்குவாராம். இது கணிதமா, வேதாந்தமா என்று பிரித்தறிவது அரிது. மகலனோபிசுக்கும் அஃது அரிதாகவே இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் ஒருநாள் மகலனோபிசு, "இரவில் உங்களுக்குக் குளிரவில்லையா?" என்று வினவினார். மேலங்கியை அணிந்து, அதன்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்க முடியவில்லை என்றார் இராமானுஜன். கல்லூரி போதிய கம்பளிகள் கொடுக்கவில்லையோ என ஐயுற்று, மகலனோபிசு படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை யாவும் ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. மேலே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும் தளர்வாகக் கிடந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றினுள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. பாயில் படுத்துப் பழகியவர்க்கு எவ்வாறு தெரியும்? எல்லாவற்றிற்கும் மேலே, அம்மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்து அவர் நடுங்கிக் கிடந்தார். மகலனோபிசு கம்பளிகளை விரித்துக்காட்டி, உள்ளே படுக்கும் முறையைக் கற்பித்தார். இராமானுஜன் மனம் நெகிழ்ந்தார்.

ஹார்டி பேராசிரியர் இராமானுஜனைப் பெரிதும் மதித்தவர், நாள்தோறும் சந்தித்தவர். நாள்தோறும் ஆறேழு புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டும் ஒருவரிடம், இன்னதை எவ்வாறு கண்டீர் என்று கேட்பதே பொருந்தாததாகத் தோன்றியது என்று அவரே பின்னாளில் எழுதினார். தேற்றத்தைப் பற்றியே கேளாதவர் படுக்கையைப் பற்றி எங்ஙனம் கேட்பார்? அவர்மீது குற்றம் இல்லை. ஆங்கிலேயர் பிறர் வாழ்வில் புகுந்து வினவுதலை நாகரிகமாகக் கொள்வதில்லை. நம்மவர் வினவுவர். சில சமயம் அளவின்றியும் வினவுவர். அவ்வழக்கம் இங்கே ஒருவரைக் குளிரினின்றும் காத்தது.

அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 'ஸ்டிராண்டு' என்னும் திங்களிதழோடு தொடர்புடையது மற்றொரு நிகழ்ச்சி. இராமானுஜன் அறையில் மகலனோபிசுக்கு அன்று பகலுணவு. இராமானுஜன் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். மேசையருகே அமர்ந்து இதழைப் புரட்டிய மகலனோபிசு அதில் ஒரு புதிரைக் கண்டார். பெல்ஜிய நாட்டு லூவன் நகரைப் பற்றியது அது. அந்நகர் சில திங்களுக்கு முன்னர்தான் செருமானியப் படையால் எரியூட்டப்பட்டிருந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக எண் இட்டுள்ளனர். ஒருவர் வீட்டிற்கு முன்னுள்ள வீட்டெண்களின் கூட்டுத்தொகையும், பின்னுள்ள வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் 50-க்கு மேலும் 500-க்குக் கீழும் உள்ளன. அவர் வீட்டின் எண் யாது?

சிறியதோர் எடுத்துக்காட்டால் இதனை அறியலாம். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீட்டைக் கொள்க. அதற்கு முன்னுள்ள எண்களாகிய 1, 2, 3, 4, 5 என்பவற்றின் கூடுதல் 15. பின்னுள்ள 7, 8 ஆகியவற்றின் கூடுதலும் 15. புதிரில் கேட்கப்பட்ட தெருவில் வீடுகள் 288, வீட்டெண் 204. இருபுறமும் கூடுதல் 20,706. மாணவர் தாமே கூட்டிப் பார்க்க.

மகலனோபிசு சில நிமிடங்கள் முயன்று விடை கண்டார். அதனை ஒரு விளையாட்டாக நண்பரிடம் படித்துக்காட்டினார். கிளறுவதை நிறுத்தாமலே இராமானுஜன், "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். ஒரு தெருவிற்கு மட்டுமன்று, இவ்வியல்பு உடைய எல்லாத் தெருக்களுக்கும் உரிய விடை அதனுள் அடங்கியிருந்தது: 8 வீட்டிற்கு 6, 49 வீட்டிற்கு 35, 288 வீட்டிற்கு 204, 1681 வீட்டிற்கு 1189 என்று எல்லையின்றி வளர்வது அது. எங்ஙனம் கண்டீர் என்றபோது, வினாவைக் கேட்டவுடனே விடை ஒரு தொடர் பின்னமாதல் வேண்டும் எனத் தெளிந்ததாகவும், எப்பின்னம் எனத் தம்மையே கேட்க, அது மனத்தில் வந்து நின்றதாகவும் கூறினார்.

இக்கதையை இராமானுஜனின் மதிநுட்பத்திற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துரைப்பர். அடுப்பும் அகப்பையும் அதில் ஒட்டுச்செய்தியாகவே நின்றுவிடும். நண்பன் ஒருவனுக்குச் சோறிட வேண்டி ஒருவர் அடுப்பின்முன் நின்றுகொண்டிருந்தார் என்பதும், பேச்சுத்துணைக்கு ஓராள் இருந்தமையாலேயே அப்புதிர் அவ்வறைக்குள் வந்தது என்பதும் எண்ணத்தக்கன.

விருந்தோம்புதலில் அவருக்கு இருந்த வேட்கை ஒருமுறை விபரீதமாகவும் முடிந்தது. சட்டர்சி என்னும் இந்திய மாணவருக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அதனைக் கொண்டாட எண்ணிய இராமானுஜன், அவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் உணவிற்கு அழைத்தார். துணையாக மற்றொரு பெண்மணியும் வந்தார். இராமானுஜன் தாமே ஆக்கிய இரசத்தைப் பரிமாறினார். விருந்தினர் உண்டனர்; இரண்டாம் முறையும் ஏற்றனர். மூன்றாம் முறை கேட்டபோது பெண்கள் இருவரும் வேண்டா என்றனர். பேச்சுத் தொடர்ந்தது. சிறிது நேரத்தில் பார்த்தால் இராமானுஜனைக் காணவில்லை. வாயிற்காவலரை வினவ, அவர் வாடகை வண்டி ஒன்றில் ஏறிச் சென்றுவிட்டார் என்று தெரிந்தது. அன்றிரவும் வரவில்லை, அடுத்த நான்கு நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஆக்சுபோர்டிலிருந்து சட்டர்சிக்குத் தந்தி வந்தது: ஐந்து பவுன் அனுப்புக என்று!

திரும்பி வந்தபின் அவர் சொன்ன காரணம், தாம் இட்ட உணவை விருந்தினர் மறுத்தது தம் மனத்தைப் புண்படுத்தியது என்பதே. வயிறு நிறைந்தவர் வேண்டா என்பது உலக இயல்பு, அது மறுப்பன்று. ஊரில் இருந்திருந்தால் தாயோ மனைவியோ பரிமாறியிருப்பர், மறுத்தாலும் வற்புறுத்துவர், சிரிப்பும் பேச்சுமாய் அது முடிந்திருக்கும். இங்கே சமைத்தவரும் பரிமாறியவரும் வீட்டுத்தலைவரும் அவர் ஒருவரே. கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது அவ்விரசம் ஒன்றுதான். புளியின் அருமை அறியாத பெண்கள் அதனை எங்ஙனம் அறிவர்? ஐந்து பவுன் அனுப்பிய சட்டர்சியின் நட்பைப் பாராட்ட வேண்டும்.

1915-இல் மகலனோபிசு தேர்வு முடித்துத் தாயகம் திரும்பினார். சிறிது காலத்தில் மீண்டுவர எண்ணியே சென்றார். ஆனால் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்று அங்கேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில், 1931-இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. கேம்பிரிட்ஜின் இளைஞர் பலர் போர்க்களம் சென்றிருந்தனர். திரினிட்டிக் கல்லூரியின் முற்றம் ஒன்றில் காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனை அமைந்தது. ஹார்டியின் உற்ற துணைவரான லிட்டில்வுட்டும் பீரங்கிப் படைப்பிரிவுப் பணிக்குச் சென்றார். வீட்டு மடல்களும் அருகின. ஞாயிறு நடைகளும் குறைந்திருக்கும். இராமானுஜன் இரவு பகல் என்று பாராது உழைத்தார். 1916-இல் பட்டம் பெற்றார். 1917-இன் இளவேனிலில் நோயில் வீழ்ந்தார்.

எஞ்சிய இரண்டு பிறந்தநாள்களும் நோய்ப்படுக்கையில் கழிந்தன. காசநோய் என்று மருத்துவர் கருதினர். குளிர்காற்று படுமாறு திறந்துவைத்த அறைகளில் நோயாளரைக் கிடத்துவது அக்கால மருத்துவம். கம்பளிக்குள் படுக்கக் கற்றுக்கொண்டவரைத் திறந்த சாளரத்தின் அருகில் கிடத்தினர். நோய்விடுதியிலிருந்து ஹார்டிக்கு வரைந்த மடல் ஒன்றில், குளியலறைகள் இதமான வெப்பம் உடையன; நாள்தோறும் தாளும் எழுதுகோலும் கொண்டு அங்கே சென்று கணக்கிடப் போகிறேன் என்ற கருத்துப்பட இராமானுஜன் எழுதினார்.

1918-இல் அரசச் சங்கத்தின் உறுப்பினராகவும், அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கல்லூரி உறுப்பினரான முதல் இந்தியர் அவரே. இலண்டன் புட்னியில் படுத்திருந்த அவரைக் காணச் சென்ற ஹார்டி, பேச்சைத் தொடங்க வகையறியாது, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729, சுவையற்ற எண் என்றார். இராமானுஜன் உடனே, இரண்டு முப்படிகளின் கூடுதலாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் சிறியது அதுவே என்றார். பன்னிரண்டின் முப்படியும் ஒன்றின் முப்படியும் கூட்டினும் 1729. பத்தின் முப்படியும் ஒன்பதின் முப்படியும் கூட்டினும் 1729. நோயாளியிடம் நலம் வினவக் கூசிய ஒருவர் எண்ணைச் சொன்னார். அவரை அறிந்த நோயாளி எண்ணாலேயே மறுமொழி தந்தார். இருவர்க்கும் இயன்ற உரையாடல் அதுவாக இருந்தது.

1919 மார்ச்சு 27 அன்று இராமானுஜன் பம்பாய்த் துறையில் இறங்கினார். அவ்வாண்டின் மார்கழி அவருக்குத் தாயகத்தில் வந்தது. சானகி உடனிருந்து பணிவிடை செய்தார். பிறந்தநாள் கழிந்து மூன்று வாரத்தில், 1920 சனவரி 12 அன்று, அவர் ஹார்டிக்கு ஒரு மடல் வரைந்தார். இதுகாறும் ஒரு மடலும் எழுதாமைக்கு வருந்துவதாகத் தொடங்கி, தாம் அண்மையில் கண்ட புதுவகைச் சார்புகளை அதில் விளக்கினார். ஏப்பிரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் அவர் மறைந்தார், வயது 32. அம்மடலில் கண்ட சார்புகளைப் பற்றிக் கணித அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.